எந்த மட்டைக்கு எத்தனை கெஜம்?

கோல்ஃப் ஆட்டக்காரர் ஒரு சுற்றுக்குத் தம் பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது என்பது விதி. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும், பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பு அதற்கடுத்த ஆண்டிலும் இந்த வரம்பைக் கொண்டுவந்தன. அதற்கு முன்பு இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு, ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு தனிக் கருவி என்று ஆடியவர்கள் இருந்தனர். கிரிக்கெட்டில் ஒரே மட்டையைக் கொண்டு தடுக்கவும் தட்டவும் எல்லைக்கு அப்பால் தூக்கி அடிக்கவும் முடிகிறது. கோல்ஃபிலோ ஸ்விங் எனப்படும் மட்டை வீச்சை ஏறத்தாழ ஒரே விதமாகத் திரும்பத் திரும்பச் செய்து, கையில் இருக்கும் மட்டையை மாற்றுவதன் மூலமே தொலைவை மாற்றுவது ஆட்டத்தின் அடிப்படையாக இருக்கிறது. எனவே தம் ஒவ்வொரு மட்டையும் பந்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அறியாத ஒருவர், எவ்வளவு அழகாக வீசினாலும், பந்து எங்கே விழும் என்பதை ஊகத்துக்கே விட்டுவிடுகிறார்.

மட்டைகளிடையே தொலைவு வேறுபடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தண்டின் நீளம்: மிக நீளமான டிரைவர் மட்டை ஏறத்தாழ 45 அங்குலமும், ஐயன் எனப்படும் இரும்புத்தலை மட்டைகளில் 7ஆம் எண் மட்டை ஏறத்தாழ 37 அங்குலமும் இருக்கும், தண்டு நீள நீள, அதே உடல் சுழற்சியில் மட்டையின் தலை கூடுதல் வேகம் பெறும். மற்றொன்று, லாஃப்ட் எனப்படும் முகச் சாய்வு, அதாவது மட்டையின் முகம் செங்குத்திலிருந்து எத்தனை பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது. டிரைவரில் இது 9 முதல் 12 பாகை வரையிலும், குறைந்த தொலைவுக்கான பிட்சிங் வெட்ஜில் 45 பாகையை ஒட்டியும், மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கப் பயன்படும் சாண்ட் வெட்ஜில் 54 முதல் 58 பாகை வரையிலும் அமையும். இவ்விரண்டில் சாய்வே முதன்மையானது என்பதற்கு பிரைசன் டிஷாம்போ வாழும் சான்று. தம் ஐயன் மட்டைகள் அனைத்தையும் ஒரே நீளத்தில், ஏறத்தாழ 7ஆம் எண் மட்டையின் அளவில் செய்துகொண்டு, சாய்வின் வேறுபாட்டை மட்டும் பெரிதும் நம்பி ஆடும் அவர், 2020இலும் 2024இலும் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார்.

மட்டை முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஈராயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணநேரத்தில் பந்தின் வேகம், அது புறப்படும் கோணம், அது பெறும் சுழற்சி ஆகிய மூன்றும் முடிவாகிவிடுகின்றன. அதன் பிறகு ஆட்டக்காரர் செய்யக்கூடியது எதுவுமில்லை. பந்தின் வேகத்தை மட்டைத் தலையின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள். அடித்த ஆற்றலில் எவ்வளவு முன்னோக்கிப் போயிற்று என்பதை அது காட்டும். டிராக்மேன் என்ற ரேடார் கருவியின் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டுப் பரவலாக அறியப்பட்ட சராசரிகளின்படி, அமெரிக்க ஆடவர் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூரில் டிரைவரின் தலை மணிக்கு 113 மைல் வேகத்தில் வந்து பந்தை 167 மைல் வேகத்தில் அனுப்புகிறது. 7ஆம் எண் ஐயனில் 90 மைல் வேகம் 120 ஆகிறது. பிட்சிங் வெட்ஜிலோ 83 மைல் வேகம் 102 மட்டுமே ஆகிறது. முகம் சாயச் சாய, அடி முன்னோக்கிச் செல்வது குறைந்து, மேல்நோக்கிய எழுச்சியாகவும் பின்சுழற்சியாகவும் மாறுகிறது. டிரைவர் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 முறை சுழல, வெட்ஜ் பந்து 9,000 முறைக்கும் மேல் சுழல்கிறது. இந்த மூன்று மட்டைகளுக்கும் பந்து காற்றில் பறக்கும் தொலைவு முறையே 275, 172, 136 கெஜம். மகளிர் சுற்றான எல்பிஜிஏவில் அதே மூன்று மட்டைகளுக்கும் 218, 141, 107 கெஜம்.

உலகின் தலைசிறந்த ஆடவரின் 7ஆம் எண் மட்டைக்கும் தலைசிறந்த மகளிரின் அதே மட்டைக்கும் முப்பது கெஜ இடைவெளி இருக்கிறது என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். 7ஆம் எண் மட்டைக்கு இத்தனை கெஜம் என்று ஒரு பொது அளவு எங்கும் இல்லை. அந்த மட்டையை வீசும் ஆளுக்குத்தான் அளவு உண்டு.

பின்சுழற்சி தொலைவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற கேள்விக்கு முதன்முதலில் கணக்கிட்டு விடை கண்டவர்களுள் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் குறிப்பிடத்தக்கவர். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். சுழற்சி எதுவாயினும் பந்துக்குக் கேடு என்று அக்காலத்தில் கற்பிக்கப்பட்டு வந்த நிலையில், பின்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி, அதனால் தான் மேல்நோக்கித் தூக்கப்படுகிறது என்பதைத் தந்தை டெய்ட் 1890களில் எழுதிய கட்டுரைகளில் நிறுவினார். பந்தின் மேலுள்ள சிறு குழிவுகள் இந்தத் தூக்குவிசைக்கு உதவுவதோடு காற்றின் எதிர்ப்பையும் குறைக்கின்றன. குழிவில்லாத வழவழப்பான பந்து அதே அடிக்கு ஏறத்தாழ பாதித் தொலைவுதான் போகும். ஆனால் சுழற்சி அளவு கடந்தால், பந்து முன்னேறுவதை விட்டு மேலே ஏறி, நின்று, செங்குத்தாக விழும். டிரைவரில் அது இழப்பு. கிரீன் என்னும் குழியுள்ள புல்தரையை நோக்கி ஐயன் மட்டையால் அடிக்கும்போது அதுவே பேறு, ஏனெனில் ஏறத்தாழ 50 பாகையில் இறங்கும் பந்து விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிற்கும்.

மட்டையில் பொறிக்கப்பட்ட எண்ணை நம்பித் தொலைவைக் கணிப்பவர் ஏமாறுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு 38 பாகையை ஒட்டியிருந்த 7ஆம் எண் ஐயனின் சாய்வு, இன்று கடைகளில் விற்கும் பல மட்டைகளில் 30 பாகையாகவும் அதற்குக் கீழாகவும் இறங்கிவிட்டது. பழைய 5ஆம் எண் மட்டையின் சாய்வுக்கு 7 என்று எண்ணிட்டு விற்றால், வாங்கியவர் தம் அடி வலுத்துவிட்டதாக மகிழ்வார். ஈர்ப்புமையம் தாழ்ந்த இன்றைய தலைகள் குறைந்த சாய்விலும் பந்தை உயர்த்தித் தருவதால் இந்த மாற்றத்துக்கு ஒரு பொறியியல் நியாயம் உண்டெனினும், ஒருவரது எண்ணை மற்றொருவரது எண்ணோடு ஒப்பிடுவது இதனால் அறவே பொருளற்றுப் போயிற்று. பிட்சிங் வெட்ஜின் சாய்வும் இப்படி இறங்கியதால், அதற்கும் சாண்ட் வெட்ஜுக்கும் இடையே விழுந்த இடைவெளியை அடைக்கவே கேப் வெட்ஜ் என்ற மட்டை பைக்குள் வந்தது.

தொலைவு என்ற சொல்லால் ஆட்டக்காரர்கள் குறிப்பதும் ஒன்றல்ல. பந்து காற்றில் பறந்து முதன்முதலில் தரையைத் தொடும் வரையுள்ள தொலைவு கேரி. அதன்பின் உருண்டு நிற்கும் வரையுள்ளதையும் சேர்த்தது மொத்தத் தொலைவு. உருள்வது தரையைப் பொறுத்தது. கோடையில் இறுகிய தரையில் முப்பது கெஜம் ஓடும் பந்து மழைக்குப் பின் விழுந்த இடத்திலேயே புதையலாம். நீர்நிலையோ மணற்குழியோ குறுக்கே கிடக்கும்போது அதைத் தாண்டுவது கேரி மட்டுமே என்பதால், மட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் இருக்க வேண்டிய எண் அதுவே.

அந்த எண்ணும் ஒற்றை எண் அன்று என்பதே இத்துறையில் மிகக் குறைவாக உணரப்பட்ட உண்மை. ஒருவர் தம் 7ஆம் எண் ஐயனால் ஒன்பது பந்துகளை அடிக்க, அவை 112, 124, 127, 129, 131, 132, 134, 137, 148 கெஜம் பறந்தன எனக் கொள்ளலாம். நடுவில் நிற்கும் அளவு 131. சராசரியும் ஏறத்தாழ அதுவே. ஆனால் மனித மனம் நினைவில் வைத்துக்கொள்வது 148ஐ. அடுத்த முறை 148 கெஜத்தில் கொடி தெரியும்போது கை தானாக அந்த மட்டையை உருவுகிறது. 138 கெஜம் வரை நீர் இருக்குமானால், இந்த ஒன்பது அடிகளில் எட்டு நீருக்குள் போயிருக்கும். பொழுதுபோக்காக ஆடுபவர்களின் பந்துகள் இலக்கைத் தாண்டுவதை விட அதற்கு முன்பே விழுவது மிகுதியாக இருப்பதற்கு வலுக்குறைவு காரணமன்று. மிகச் சிறந்த அடியையே வழக்கமான அடி என்று நம்பும் பழக்கமே காரணம்.

பந்து முகத்தின் நடுவில் படாமல் விரலளவு விலகிப் பட்டாலும் வேகம் குறைந்து, பல கெஜங்கள் போய்விடும். வலக்கை ஆட்டக்காரருக்கு இந்தச் சிதறல் ஒரு குறிப்பிட்ட வடிவிலும் அமைகிறது: முகம் சற்றே திறந்து பந்து வலப்புறம் போகும்போது சாய்வு கூடுவதால் அது குட்டையாக விழும், முகம் மூடி இடப்புறம் போகும்போது சாய்வு குறைவதால் நீண்டு விழும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மாஸ்டர்ஸ் போட்டி நடைபெறும் அகஸ்டா மைதானத்தின் 12ஆம் குழி, 155 கெஜமே கொண்ட அந்தக் குட்டைக் குழி, உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்களை அச்சுறுத்துவது இந்த வடிவத்தால்தான். முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை. அதற்கப்பால் ஆழம் குறைந்த கிரீன், அதுவும் வலப்புறம் போகப் போக விலகிச் செல்லும்படி குறுக்காக அமைந்திருக்கிறது. வலப்புறக் கொடியைக் குறிவைத்துச் சற்றே பிழைத்த பந்து, எங்கே நீளம் மிகுதியாக வேண்டுமோ அங்கே குட்டையாக விழுகிறது. 2019ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதி நாளில், முன்னணியில் இருந்த பிரான்செஸ்கோ மோலினாரி, அவருக்கு முந்தைய குழுவில் ஆடிய புரூக்ஸ் கெப்கா, இயன் போல்ட்டர், மோலினாரியோடு ஆடிய டோனி ஃபினாவ் ஆகிய நால்வரின் பந்துகளும் அந்த ஓடையில் விழுந்தன. டைகர் வுட்ஸ் கொடியை விட்டுவிட்டு கிரீனின் பாதுகாப்பான இடப்பகுதிக்கு அடித்து, இரண்டு தட்டலில் குழியை முடித்து, மோலினாரியைச் சமன் செய்தார். அன்றே 43ஆம் வயதில் ஐந்தாவது மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெற்றார். அந்த அடியில் அவரைக் காத்தது கைவலிமையைக் காட்டிலும், தம் பந்து எந்த எல்லைக்குள் சிதறும் என்ற தெளிவே.

தம் அளவுகளை அறிய விரும்புபவர் செய்ய வேண்டியது கடினமானதன்று. உடல் சூடேறிய பின், காற்று இல்லாத வேளையில், சமதரையிலிருந்து, வழக்கமாக ஆடும் அதே வகைப் பந்துகளைக் கொண்டு ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பதினைந்து அடி அடித்து, விழுந்த இடங்களை அளந்து, முற்றிலும் பிழைத்தவற்றை நீக்கி, நடு அளவையும் அதற்கு இருபுறமும் உள்ள வீச்செல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சித் திடல்களில் தரும் பந்துகள் தேய்ந்தவையாகவோ வேண்டுமென்றே குறைவாகப் பறக்கும்படி செய்யப்பட்டவையாகவோ இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கொண்டு எடுத்த அளவை ஆட்டத்துக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. ரேடாராலோ கேமராவாலோ பந்தின் புறப்பாட்டை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கிடைத்தால் வேலை எளிதாகும்; கிடைக்காவிட்டால் ஒரு துணையாளும் அளவுநாடாவும் போதும்.

அளவெடுத்துப் பார்க்கும் பலருக்கு வியப்பூட்டுவது, 4ஆம் எண் ஐயனும் 5ஆம் எண் ஐயனும் ஏறத்தாழ ஒரே தொலைவு போவது. சாய்வு குறைந்த மட்டை, போதிய வேகம் இல்லாத கையில், பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கும் உயரத்தையும் சுழற்சியையும் தருவதில்லை. அதனால் காகிதத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கெஜ இடைவெளி தரையில் மறைந்துவிடுகிறது. அத்தகையவர் நீண்ட ஐயன்களை ஒதுக்கி, ஐயனுக்கும் மரத்தலை மட்டைக்கும் இடைப்பட்ட வடிவுள்ள ஹைப்ரிட் மட்டையை எடுத்துக்கொள்வதே தக்கது.

பையின் மறுமுனையில் சிக்கல் வேறு விதமானது. முழு ஸ்விங்கில் வெட்ஜ் 100 கெஜம் போகிறது, தேவைப்படுவதோ 70 கெஜம் என்றால் என்ன செய்வது? வேகத்தைத் தளர்த்தி மெல்ல அடிப்பது பெரும்பாலோரின் இயல்பு. ஆனால் கீழிறங்கும் மட்டையை நடுவழியில் தளர்த்துவது அடியின் தரத்தையே கெடுக்கும். நாசாவில் இயற்பியலாளராகப் பணியாற்றிப் பின்னர் கோல்ஃப் பயிற்றுநரான டேவ் பெல்ஸ் இதற்கு ஒரு வழி வகுத்தார். இடக்கையைக் கடிகார முள்ளாகக் கருதி, பின்வீச்சை ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி ஆகிய மூன்று நிலைகளில் நிறுத்தவும், தாளத்தையும் முடிவையும் மாற்றாமல் வைத்திருக்கவும் அவர் கற்பித்தார். நான்கு வெட்ஜ்களும் மூன்று நீளங்களும் சேர்ந்தால் பன்னிரண்டு உறுதியான தொலைவுகள் கிடைக்கின்றன. தொலைவைக் கட்டுப்படுத்தும் முறைகளில் இதைவிட எளிதாகக் கற்கவும் நீண்டகாலம் நம்பவும் கூடியது வேறில்லை. பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடிப்பதும் சில கெஜங்களைக் குறைக்க உதவும்.

இவ்வாறு பெற்ற அளவுகளும் காற்றுக்கும் இடத்துக்கும் ஏற்பத் திருத்தப்பட வேண்டியவை. உயரம் ஆயிரம் அடி கூடும்போது காற்று அடர்த்தி குறைந்து பந்து ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுதலாகப் பறக்கும். கடல்மட்டத்தில் உள்ள சென்னையில் 150 கெஜம் போகும் அடி, ஏழாயிரம் அடிக்கும் மேல் உள்ள உதகமண்டலத்தில் 160 கெஜத்தைத் தாண்டக்கூடும். கொழும்பிலிருந்து, 1889 முதல் கோல்ஃப் மன்றம் இயங்கிவரும் நுவரெலியாவுக்குச் செல்பவருக்கும் இதே அனுபவம் கிட்டும். மலைக்குளிர் அந்த ஆதாயத்தில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும், ஏனெனில் குளிர்ந்த காற்று அடர்ந்தது, குளிர்ந்த பந்தும் துள்ளல் குறைந்தது. ஈரக்காற்று கனமானது, பந்தைப் பிடித்து நிறுத்தும் என்ற பரவலான எண்ணம் தவறு. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது, ஆயினும் அதனால் வரும் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. எதிர்க்காற்று கெடுக்கும் அளவுக்குப் பின்காற்று உதவுவதில்லை: மணிக்குப் பத்து மைல் எதிர்க்காற்று 150 கெஜ அடியில் ஏறத்தாழ 15 கெஜத்தைக் குறைக்குமானால், அதே வேகப் பின்காற்று அதில் பாதியளவே கூட்டும். எதிர்க்காற்றில் ஓங்கி அடிப்பது சுழற்சியைக் கூட்டிப் பந்தை மேலே ஏற்றிவிடுவதால், ஒன்றிரண்டு எண் நீண்ட மட்டையை எடுத்து நிதானமாக வீசுவதே சரி. நீண்ட புல்லில் கிடக்கும் பந்துக்கும் மட்டைக்கும் இடையே புல் சிக்கினால் சுழற்சி குன்றி, பந்து எதிர்பாராத தொலைவு பாய்ந்து, விழுந்த பின்னும் ஓடும். தேர்ந்தவர்கள் இதற்கென ஓர் எண் குட்டையான மட்டையை எடுப்பார்கள்.

இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரியாவிட்டால் மட்டையின் தொலைவு தெரிந்தும் பயனில்லை. 1961இல் பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியின்போது, சக ஆட்டக்காரரான டீன் பீமனின் யோசனையைக் கேட்டு ஜாக் நிக்லாஸ் மைதானத்தைக் காலடிகளால் அளந்து குறித்துக்கொண்டு ஆடி வென்றார். கண்மதிப்பை நம்பியிருந்த ஆட்டம் அளவுப்புத்தகத்துக்கு மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2019இல் திருத்தப்பட்ட விதிகள், போட்டி நடத்துபவர் தடுக்காதவரை, லேசர் தொலைவுமானியைப் பயன்படுத்த அனுமதிக்கின்றன. மேடுபள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை மட்டும் ஆட்டத்தின்போது பயன்படுத்தக் கூடாது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி, பிஜிஏ டூரின் அடிகளைக் கணக்கிட்டு, தலைசிறந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு கிரீனை நோக்கிய அடிகளிலிருந்து வருகிறது என்று காட்டினார். பட்டர் மட்டையால் தட்டும் திறனின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடே. நீண்ட டிரைவர் அடிகளுக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கியவர்களுள் மிகக் குறைந்த தொலைவு அடித்தவர்களில் ஒருவரான பெங்களூருவின் அதிதி அசோக், பிறர் குட்டை ஐயன்களால் அடித்த இடங்களில் ஹைப்ரிட்களால் அடித்து, ஒரே ஓர் அடி வேறுபாட்டில் பதக்க வாய்ப்பை இழந்து நான்காம் இடம் பெற்றார். கோல்ஃப் பழகத் தொடங்கியிருப்பவர் புதிய டிரைவருக்குப் பணம் ஒதுக்குமுன், தம் பையில் ஏற்கெனவே உள்ள 7ஆம் எண் ஐயனை ஒரு காலைப்பொழுது எடுத்துப்போய், அது உண்மையில் எத்தனை கெஜம் கேரி தருகிறது என்று அளந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.